பின்விளக்கின் நிறமும் பின்னால் வருபவரின் ஒரு செக்கனும்

சில வருடங்களுக்கு முன்னர் கனடாவின் ரொறன்ரோ நகருக்குச் சென்றிருந்தவேளை, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில் 401 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மருமகனின் காரில் பயணிக்க நேர்ந்தது. எமக்கு முன்னால் சென்ற காரின் வலப்புறப் பின்விளக்கு திடீரெனச் சிவப்பாக ஒளிர்ந்து அணைந்தது. அதன் இடப்புறத்தைப் பக்கத்து ஒழுங்கையில் சென்ற பாரிய லொறியொன்று மறைத்திருந்தது. முன்னால் செல்பவர் பிரேக்கை அழுத்துகின்றார் என்றே நாம் எண்ணினோம். இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டோம். விளக்கு மீண்டும் ஒளிர்ந்தது, மீண்டும் அணைந்தது. அதன் பின்னரே அவர் ஒழுங்கை மாறப் போகின்றார் என்பது விளங்கியது. மருமகன் சிரித்துக்கொண்டே, "இங்கே ரெண்டுக்கும் ஒரே வெளிச்சம்தான் மாமா, கொஞ்சம் பொறுத்துப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்ள வேணும்" என்றார்.

அந்தப் பொறுத்துப் பார்த்தலே இக்கட்டுரையின் விடயமாகும்.

மன்னாரிலோ கல்முனையிலோ கொழும்பிலோ வாகனம் செலுத்தும் எமது வாசகர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றக்கூடும். ஏனெனில், எமது வீதிகளில் திரும்புவதற்கான சமிக்ஞை விளக்கு செம்மஞ்சள் நிறத்திலும், பிரேக் விளக்கு சிவப்பு நிறத்திலும் இருப்பதை நாம் சூரியோதயத்தைப் போல இயல்பானதாகக் கருதிப் பழகிவிட்டோம். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கார்களாயினும், இந்தியாவிலிருந்து வரும் பஸ், லொறி, முச்சக்கரவண்டிகளாயினும் அவ்வாறே அமைந்துள்ளன. இது நாம் ஆலோசித்து எடுத்த முடிவன்று. எமக்கு வாகனம் விற்கும் நாடுகள் எடுத்த முடிவின் பலனை நாம் அனுபவிக்கின்றோம்.

1968 ஆம் ஆண்டில் வியன்னாவில் உருவாக்கப்பட்ட வீதிப் போக்குவரத்துச் சமவாயத்தின் இணைப்பொன்று, திசைகாட்டும் விளக்குகள் செம்மஞ்சள் நிறத்தில் இருத்தல் வேண்டும் என்று கூறுகின்றது. ஐக்கிய நாடுகள் சபையின் அனுசரணையில் வகுக்கப்பட்ட வாகன ஒழுங்குவிதிகளில் ஆறாம் இலக்க விதியும் இதனையே வலியுறுத்துகின்றது. ஐரோப்பா, ஜப்பான், அவுஸ்திரேலியா ஆகியன இவ்வழியிலேயே செல்கின்றன. ஐக்கிய அமெரிக்கா மட்டும் தனிவழி. அங்கு 1968 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த 108 ஆம் இலக்கப் பாதுகாப்புத் தரநியமம், முன்புறச் சமிக்ஞை விளக்கு செம்மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டு, பின்புற விளக்கு செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கலாம் என்று தெரிவை உற்பத்தியாளரிடம் விட்டுவிட்டது. கனடாவின் விதியும் அதனையொட்டியதே. எனவே, அமெரிக்கச் சந்தையில் சிவப்பாகச் சிமிட்டும் போர்ட் மஸ்டாங் கார், கப்பலேறிப் பிரித்தானியாவுக்குச் செல்லும்போது செம்மஞ்சளாகச் சிமிட்ட வேண்டியிருக்கின்றது. ஜேர்மனியில் செம்மஞ்சளாகச் சிமிட்டும் கார்களிற் பல, அத்திலாந்திக்கைக் கடந்ததும் சிவப்பாகிவிடுகின்றன.

சமிக்ஞை விளக்கின் வரலாற்றை அறிய விரும்புவோர் அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. எமது நாட்டில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனர் கார்களைப் பார்த்தாலே போதும். பிரித்தானியாவில் 1948 ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கப்பட்ட அக்காரின் பழைய மாதிரிகளில், கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து சிறியதொரு கைகாட்டி வெளியே எழும். புகையிரத நிலையக் கைகாட்டியின் தம்பி போன்ற அக்கருவிக்குள் ஒரு சிறு மின்குமிழ் செம்மஞ்சளாக ஒளிரும். சில வேளைகளில் அது எழ மறுக்கும். தூணில் கையால் ஒரு தட்டுத் தட்டியதும் எழும். எமது தலைமுறையினர் பலருக்கு இது நினைவிருக்கும். 1961 இல் அக்கைகாட்டி நீக்கப்பட்டு, சிமிட்டும் விளக்கு வந்தது. ஆனால், பின்புறத்தில் அதற்கென ஒரு தனி விளக்கு வைக்கப்படவில்லை. பிரேக் விளக்கே சிவப்பாகச் சிமிட்டியது. முன்புறத்தில் வெள்ளை நிறம். அக்காலப் பிரித்தானியச் சட்டம் அதனை அனுமதித்தது. பின்னர் அங்கு சிந்தனை மாறியது. 1965 செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து முதன்முதலாகப் பாவனைக்கு வரும் வாகனங்களின் சமிக்ஞை விளக்கு செம்மஞ்சளாகவே இருத்தல் வேண்டும் என்பது விதியாயிற்று. ஒரே பெயர் கொண்ட காரில் கைகாட்டி, சிவப்பு, செம்மஞ்சள் என மூன்று யுகங்கள் கடந்துவிட்டன. அமெரிக்கா இரண்டாவது யுகத்தின் வாசலை மூடாமலேயே விட்டுவிட்டது.

அங்கு 1939 ஆம் ஆண்டு மாதிரி பியூக் கார்களிலேயே பின்புறத்தில் சிமிட்டும் விளக்கு தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு வந்தது. முன்புற விளக்கு நீண்ட காலம் வெள்ளையாகவே இருந்தது. வெயிலில் பளபளக்கும் உலோகப் பூச்சுக்கும் முகப்பு விளக்குகளுக்கும் இடையில் அது கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதால் 1963 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து செம்மஞ்சளாக மாற்றப்பட்டது. எதிரே வருபவரின் கண்ணுக்குக் கிடைத்த இந்தச் சலுகை பின்னால் வருபவருக்குக் கிடைக்கவில்லை.

இதற்கான காரணம் சிக்கனமே. ஒரே மின்குமிழுக்குள் இரண்டு இழைகள். மங்கலான இழை இரவில் வாகனம் இருப்பதைக் காட்டும். பிரகாசமான இழை பிரேக்கை அழுத்தினால் நிலையாக ஒளிரும். சமிக்ஞையைப் போட்டால் அதே இழை சிமிட்டும். தனி விளக்கு, தனிக் கம்பி, தனிக் கண்ணாடி எதுவும் தேவையில்லை. ஆண்டொன்றுக்கு இலட்சக்கணக்கில் வாகனம் உற்பத்தி செய்பவருக்கு ஒவ்வொரு வாகனத்திலும் மீதமாகும் சிறு தொகையும் பெருந்தொகையாகும்.

ஆனால், அந்தச் சிக்கனத்தின் செலவைப் பின்னால் வரும் சாரதி செலுத்துகின்றார். எவ்வாறெனச் சற்று விரிவாக நோக்குவோம்.

முன்னால் செல்லும் வாகனம் இடப்புறம் திரும்புவதற்காகச் சமிக்ஞையைப் போட்டு, பிரேக்கையும் அழுத்துகின்றது என்று வைத்துக்கொள்வோம். இணைந்த சிவப்பு விளக்கு முறையில் இடப்புறம் சிமிட்டும், வலப்புறம் நிலையாக ஒளிரும். இரண்டையும் ஒருசேரக் காண்பவர் விடயத்தைப் புரிந்துகொள்வார். வலப்புற விளக்கு பழுதடைந்திருந்தாலோ, இடையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்று மறைத்தாலோ சிமிட்டும் சிவப்பு மட்டுமே தெரியும். அது சமிக்ஞையா, அல்லது சாரதி பிரேக்கை விட்டு விட்டு அழுத்துகின்றாரா? இனி எதிர்ப்புறத்தை எண்ணிப் பாருங்கள். சிவப்பு ஒளியைச் சமிக்ஞையாகக் கண்டு பழகியவர், உண்மையாகவே பிரேக் அழுத்தப்படும் முதற்கணத்தில் 'இதுவும் சமிக்ஞையாக இருக்கலாம்' என்று அசட்டையாக இருந்துவிடவும் இடமுண்டு. சிவப்பு என்பது 'நில்' என்று கூற வேண்டும். அச்சொல்லை 'நான் சற்று இடப்புறம் போகின்றேன்' என்பதற்கும் பயன்படுத்தினால், அச்சொல்லின் அவசரம் தேய்ந்துபோகும். புலி வருகின்றது என்று வீணே கூவிய சிறுவனின் கதை வேறென்ன?

நான்கு விளக்குகளையும் ஒருசேரச் சிமிட்டச் செய்யும் அபாய சமிக்ஞையின்போது நிலைமை மேலும் மோசமாகும். பல இணைந்த விளக்கு வாகனங்களில், அவை சிமிட்டிக்கொண்டிருக்கும்போது பிரேக்கை அழுத்தினாலும் அவ்விரு விளக்குகளும் நிலையாக ஒளிரமாட்டா. கடும் மழையில் நான்கு விளக்குகளையும் போட்டுக்கொண்டு ஓடுபவரின் பின்னால் வருபவருக்கு, அவர் நிற்கின்றாரா ஓடுகின்றாரா என்பதை அறிய அவ்விளக்குகள் உதவுவதில்லை. நேரே செல்வதற்கும் நான்கு விளக்குகளைப் போடும் பழக்கம் எம்மவரிற் சிலரிடமும் உண்டு. அது வேறொரு கட்டுரைக்குரியது.

இக்குழப்பம் அரைச் செக்கனே நீடிக்கும் என்று ஒருவர் கூறலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் 16 மீற்றருக்கும் அதிகமாக முன்னேறுகின்றது. அரைச் செக்கனில் 8 மீற்றர். இரண்டு கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவதற்கு ஏறத்தாழப் போதுமான தூரம் அது. நூறு கிலோமீற்றர் வேகத்திலாயின் அதே அரைச் செக்கன் ஏறக்குறைய 14 மீற்றரை விழுங்கிவிடும்.

இவை யாவும் தர்க்கம் மட்டுமே, ஆதாரம் எங்கே என்று கேட்பது நியாயமானது. அந்த ஆதாரத்தை அமெரிக்க அரசே தேடிக்கொடுத்துள்ளமைதான் இவ்விடயத்தின் வினோதம். அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, சாமர்த்தியமானதொரு முறையைக் கையாண்டது. ஒரே வகைக் கார் ஓர் ஆண்டில் சிவப்புச் சமிக்ஞையுடனும், மாதிரி மாற்றப்பட்ட பின்னர் செம்மஞ்சள் சமிக்ஞையுடனும் விற்பனையாவதுண்டு. இதற்கு மாறாகச் செம்மஞ்சளிலிருந்து சிவப்புக்குச் சென்றவையும் உண்டு. சிவப்பு விளக்குக் காரையும் செம்மஞ்சள் விளக்குக் காரையும் வெறுமனே ஒப்பிட்டால், கார்களின் தரமும் அவற்றை ஓட்டுவோரின் இயல்பும் கணக்கில் கலந்துவிடும். நிறம் மாறுவதற்கு முன்னும் பின்னும் அதே வகைக் காரை ஒப்பிடுவதன் மூலம் அக்கலப்பைப் பெருமளவில் தவிர்க்கலாம். திரும்பும்போதோ, ஒழுங்கை மாறும்போதோ, தரிப்பிடத்துக்குள் செல்லும்போதோ வெளியேறும்போதோ பின்னாலிருந்து மோதப்படும் விபத்துக்களை அவ்வாய்வு நோக்கியது. அத்தகைய விபத்துக்களைச் செம்மஞ்சள் நிறம் 5.3 வீதத்தால் குறைக்கின்றது என்பதே அதன் முடிவு. புள்ளிவிபரவியல் நோக்கில் தற்செயல் என்று ஒதுக்க முடியாத முடிவு அது.

ஐந்து வீதம் என்பது ஒரு பெரிய எண்ணா? இதற்குப் பதிலளிக்க, கார்களின் பின்கண்ணாடியருகே உயரத்தில் ஒளிரும் மூன்றாவது பிரேக் விளக்கின் கதையை நினைவுகூர்தல் பயனுடையது. 1970 களில் அமெரிக்க நகரங்களில் வாடகைக் கார்களில் அவ்விளக்கைப் பொருத்திச் சோதித்தபோது, பின்மோதல்கள் பாதிக்கும் மேலாகக் குறைந்ததாகத் தெரியவந்தது. அந்த உற்சாகத்தில், 1986 ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் அது கட்டாயமாக்கப்பட்டது. வீதியிலுள்ள எல்லாக் கார்களிலும் அவ்விளக்கு வந்து, புதுமை தேய்ந்தபின், 1998 இல் அதே நிர்வாகம் கணக்கிட்ட நீண்டகாலப் பயன் 4.3 வீதம் மாத்திரமே. எனினும், மூன்றாவது விளக்கை எவரும் அகற்றச் சொல்லவில்லை. செலவுக்கு மேலாக அது பயன் தருகின்றது என்பதே தீர்ப்பாக இருந்தது. ஏனைய நாடுகளும் அதனைப் பின்பற்றின. இரு எண்களையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடுதல் சரியன்று என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். மூன்றாவது விளக்கின் பயன் எல்லாவகைப் பின்மோதல்களுக்கும் உரியது. சமிக்ஞையின் நிறத்தால் வரும் பயன் திரும்பும் வாகனங்களுக்கு மட்டுமே உரியது. ஆயினும், 4.3 வீதத்தைக் கணக்கிட்டு மகிழ்ந்த அதே அலுவலகம் 5.3 வீதத்தைக் கண்டபின் விதியை மாற்றவில்லை என்பது சிந்தனைக்குரியது.

ஏன் மாற்றவில்லை? அமெரிக்காவில் இத்தகைய விதியொன்றைக் கட்டாயமாக்குவதற்கு முன்னர், அதனால் ஏற்படும் செலவையும் தவிர்க்கப்படும் இழப்பையும் டொலரில் தராசிலிட்டுக் காட்ட வேண்டும். பின்மோதல் அங்கு மிகச் சாதாரணமான விபத்து. பொலிஸில் பதிவாகும் விபத்துக்களில் பத்தில் ஏறத்தாழ மூன்று அவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால், திரும்பும் வாகனங்களில் நிகழ்பவை அவற்றில் ஒரு பகுதி மட்டுமே. அவற்றிற் பெரும்பாலானவை தகரம் நசுங்குவதோடும் கழுத்து நோவதோடும் முடிந்துவிடுகின்றன. மரணங்கள் குறைவு. எனவே, தராசின் ஒரு தட்டு இலேசாகவே இருக்கின்றது. மறுதட்டில் உற்பத்தியாளரின் செலவு மட்டுமன்றி, அழகியலும் அமர்ந்திருக்கின்றது. காரின் பின்புறம் முழுவதும் ஒரே சிவப்பாக ஒளிர வேண்டும் என்பது வடிவமைப்பாளர் பலரின் விருப்பம். செம்மஞ்சள் அவர்களுக்கு ஒரு கறை.

விதியும் தன்னையறியாமல் சிவப்புக்குத் துணைபோகின்றது. சமிக்ஞை விளக்கின் ஒளிரும் பரப்பு குறைந்தது 50 சதுர சென்ரிமீற்றராக இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்கத் தரநியமத்தின் நிபந்தனை. ஐரோப்பாவுக்காக வடிவமைக்கப்பட்ட செம்மஞ்சள் விளக்கு அதிலும் சிறியதாயின், அமெரிக்காவுக்கு அனுப்பும்போது முழு விளக்கையும் மீள வடிவமைப்பதைவிட, பெரிய பிரேக் விளக்கையே சிமிட்ட வைப்பது இலகுவானது. நல்ல நோக்கத்துடன் இயற்றப்பட்ட ஒரு விதி, வேறொரு நன்மையைத் தட்டிவிடும் இத்தகைய விந்தைகள் எல்லா நாட்டுச் சட்டப் புத்தகங்களிலும் உண்டு.

2015 டிசெம்பரில் ஓர் இடைவழி முன்மொழியப்பட்டது. கட்டாயமாக்காமல், புதிய கார்களுக்கு வழங்கப்படும் பாதுகாப்பு நட்சத்திர மதிப்பீட்டில் செம்மஞ்சள் பின்சமிக்ஞைக்கும் மதிப்பளிக்கலாம் என்று அதே நிர்வாகம் யோசனை வெளியிட்டது. அந்த யோசனை நடைமுறைக்கு வரவில்லை. தெரிவு இன்றும் உற்பத்தியாளரின் கையிலேயே இருக்கின்றது.

மறுதரப்பின் வாதங்களையும் நாம் ஒதுக்கிவிடலாகாது. மூன்றாவது பிரேக் விளக்கு வந்தபின், பிரேக்கையும் சமிக்ஞையையும் பிரித்தறிவது முன்னரிலும் இலகுவாகிவிட்டது என்பது உண்மையே. அது ஒளிராதிருந்தால் பிரேக் இல்லை என்று ஊகிக்கலாம். சிவப்பு - பச்சை நிறக்குருடு உள்ளவருக்குச் செம்மஞ்சளும் சிவப்பும் அதிகம் வேறுபடாமல் தோன்றும் என்பதும் உண்மையே. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 வீதத்தினருக்கு இக்குறைபாடு ஏதோ ஓரளவில் உண்டு. ஆனால், செம்மஞ்சள் விதியால் அவர்களுக்கும் ஒரு நன்மை கிடைக்கின்றது. நிறம் வேறாக இருக்க வேண்டுமெனில் விளக்கும் வேறாக இருந்தாக வேண்டும். நிறத்தைக் காணாதவர் இடத்தைக் காண்பார். தானே பிரேக் பிடிக்கும் கார்கள் பெருகிவிட்டால் இப்பிரச்சினை அற்றுவிடும் என்ற வாதமும் உண்டு. அத்தகைய கார் எமது வீதிகளில் பெரும்பான்மையாகும் நாளை எமது பேரப்பிள்ளைகள் காணக்கூடும்.

இனி எமது நிலைமை. அமெரிக்கர் ஆய்வு நடத்தி அறிந்தும் கட்டாயமாக்காத ஒன்றை, நாம் எந்த ஆய்வுமின்றிப் பெற்றுக்கொண்டோம். பெற்றதைப் பேணுகின்றோமா என்பதே கேள்வி. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை, காத்தான்குடி ஊடாக மட்டக்களப்பு செல்லும் வீதியில் இரவில் முச்சக்கரவண்டியொன்றின் பின்னால் சென்று பாருங்கள். சிவப்பு, நீலம், பச்சை என ஓடியோடிச் சிமிட்டும் மின்விளக்கு மாலைக்குள் உண்மையான சமிக்ஞை எதுவென்று தேட வேண்டியிருப்பதுண்டு. தனியார் பஸ்களிற் சில, நிலையாக ஒளிர வேண்டிய பிரேக் விளக்கையே சிமிட்டும்படி மாற்றியமைத்துள்ளன. அமெரிக்காவில் சமிக்ஞை பிரேக்கைப் போலத் தோன்றுகின்றது. இங்கு பிரேக்கைச் சமிக்ஞை போலத் தோன்றச் செய்கின்றோம். வேறு சிலர் பின்விளக்கின் மீது கறுப்புத் தாள் ஒட்டிவிடுகின்றனர். அழகுக்காகவாம்!

2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பொருத்தப்பட்டிருந்த மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் அகற்றும் நடவடிக்கையில் இறங்கியபோது, சாரதிகள் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. சொந்தப் பணத்தில் அலங்கரித்த வாகனத்தைக் களைவது வேதனையே. அவர்களது மனக்குறையை நாம் விளங்கிக்கொள்கின்றோம். எனினும், பின்விளக்கு வாகனச் சொந்தக்காரர் ஒருபோதும் ஓட்டும்போது காணாத உறுப்பு. அது முழுக்க முழுக்கப் பின்னால் வரும் அந்நியருக்குரியது.

அலங்காரத்தைவிடச் சத்தமின்றி நடக்கும் கேடு ஒன்றும் உண்டு. அண்மைக்கால வாகனங்களிற் பலவற்றில் சமிக்ஞை விளக்கின் மூடி நிறமற்றது. உள்ளிருக்கும் மின்குமிழே செம்மஞ்சள் பூச்சுடையது. காலப்போக்கில் சூட்டினால் அப்பூச்சு உரிந்து, விளக்கு வெளிறி, ஈற்றில் வெள்ளையாகச் சிமிட்டத் தொடங்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களும் இருந்த வாகனங்களை ஒட்டுப்போட்டு ஓடிய காலம். கராஜில் அகப்பட்ட மின்குமிழைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய காலம். உடைந்த விளக்கு மூடிக்குப் பதிலாகச் சிவப்புப் பிளாஸ்ரிக் தாளை ஒட்டியோரும் உண்டு.

பஸ்களும் லொறிகளும் தகுதிச் சான்றிதழ் பெறும்போது விளக்குகளையும் காட்ட வேண்டியிருக்கின்றது. தனியார் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகச் செல்வது புகைப் பரிசோதனைக்கு. அங்கு குழாயிலிருந்து வெளியேறும் வாயு அளக்கப்படுகின்றது. அதே குழாய்க்கு ஒன்றிரண்டு அடி மேலேயுள்ள விளக்கைச் சிமிட்டச் செய்து, அதன் நிறத்தைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் அந்த ஒரு நிமிடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை வாசகர்கள் இன்றிரவே வீட்டு முற்றத்தில் பிள்ளையொன்றைக் காரின் பின்னால் நிறுத்தி, என்ன நிறம் தெரிகின்றது என்று கேட்டுக்கொள்ளலாம்.